மலைப்பாதை வண்டியில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

வடகவுஞ்சி பகுதியிலிருந்து விளைச்சலை ஏற்றிக்கொண்டு கீழே போகும் வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். நேராகப் பழனிக்கு இறங்குவது ஒன்று. பெருமாள்மலைக்குப் போய் அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குவது இன்னொன்று. இரண்டுமே வளைவு நிறைந்த மலைப்பாதை. நடுவில் வண்டி நின்றால் பல இடங்களில் ஒதுக்கி நிறுத்த வழியில்லை, செல்போன் சிக்னலும் நம்பிக்கையில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய பீன்ஸும் சவ்சவ்வும் பட்டர் புரூட்டும் மூட்டையிலேயே வாடும். அதனால் டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் படம் எரிந்ததும் மலை விவசாயிக்கு வரும் முதல் கேள்வி, இந்த விளக்கோடு இன்றைக்கு லோடு ஏற்றலாமா கூடாதா என்பதுதான்.

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் சொல்வார்கள். "மலைக்கு வந்தாலே அப்படித்தான் எரியும், கண்டுக்காதீங்க" என்பது ஒன்று. கார்பரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் ஜீப்புகளுக்கு அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. உயரம் கூடக்கூடக் காற்று மெலியும், பெட்ரோல் அளவு மட்டும் குறையாது, கரும்புகை வரும், இழுவை குறையும். இப்போதைய வண்டிகளில் காற்றின் அழுத்தத்தையும் அளவையும் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. உயரத்துக்குத் தகுந்தபடி எரிபொருளைக் கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்ளும். உயரம் ஒன்றுக்காக மட்டும் விளக்கு எரியாது. ஆனால் சமவெளியில் மறைந்திருந்த ஒரு காற்றுக் கசிவு, மெலிந்த காற்றில் முழு லோடோடு ஏறும்போது வெளிப்படலாம். அது மலையின் குற்றமல்ல, வண்டியின் கோளாறுதான்.

இரண்டாவது பதில், "பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டுங்க, போயிடும்." பல வண்டிகளில் விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். கோளாறு எது என்று காட்டும் பதிவும் அதோடு அழிந்துபோகும். அதை எடுத்துப் பார்ப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றாதீர்கள்.

விளக்கு எதைச் சொல்கிறது?

இன்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டருக்கு இ.சி.யு. என்று பெயர். காற்று, எரிபொருள், சூடு, புகை என்று பல இடங்களிலிருந்து சென்சார்கள் அதற்கு அளவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு அளவு வரம்பு மீறினால் இ.சி.யு. ஒரு கோடு எண்ணைப் பதிந்து வைத்து விளக்கை ஏற்றும். இந்த முறைக்கு ஓ.பி.டி. என்று பெயர். 1996-ல் அமெரிக்காவில் புதிய கார்களுக்குக் கட்டாயமான 16 முனை சாக்கெட்தான் இன்று நம் வண்டிகளிலும் இருக்கிறது. இந்தியா முழுவதும் பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரலிலும், பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிறகு வாங்கிய கார், பிக்கப் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய டீசல் ஜீப்பில் இந்த விளக்கே கிடையாது. அது புகையாலும் சத்தத்தாலும்தான் பேசும்.

வாழை இலை மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறையாக இருக்கலாம், வேரழுகலாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியதாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் யூரியா போடுகிறவருக்குச் செலவுதான் மிச்சம். இந்த விளக்கும் அப்படித்தான். கோடு எண்கூட எந்தப் பகுதியில் அளவு தப்பியது என்றுதான் சொல்லும், எந்த உதிரிபாகத்தை மாற்றவேண்டும் என்று சொல்லாது. சென்சார் பெயரில் கோடு வந்தவுடன் சென்சாரை மாற்றி, பிறகும் விளக்கு எரிந்து, கடைசியில் எலி கடித்த ஒரு வயரைக் கண்டுபிடிப்பது ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாக நடக்கிற கதை.

முதலில் நிறத்தையும் துடிப்பையும் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அப்போது இன்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால் அதையும் சந்தேகப்படுங்கள். பழைய வண்டி வாங்கும்போது இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். விற்கிறவர் விளக்கையே துண்டித்திருக்கலாம்.

ஓடும்போது மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, இழுவையும் சத்தமும் சூடும் வழக்கம்போல் இருந்தால் அவசரமில்லை. வீடு வந்து நிதானமாகப் பார்க்கலாம். பெட்ரோல் வண்டியில் விளக்கு விட்டுவிட்டுத் துடித்து, இன்ஜினும் குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஒரு பிளக்கோடு முடியவேண்டிய செலவு பல ஆயிரத்துக்குப் போகும். ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் ஓரம் கட்டுங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கும் சிவப்பு வெப்ப விளக்கும் வேறு. அவை எரிந்தால் முதலில் வண்டியைப் பத்திரமாக நிறுத்துங்கள், நின்றதும் இன்ஜினை அணையுங்கள். "அடுத்த வளைவு வரைக்கும் போயிடலாம்" என்ற நினைப்பில் இன்ஜினே ஜாம் ஆகிவிடும்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை

இன்ஜின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து முதலில் எலி வந்துபோன தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து வண்டிகளில் இது மிக அதிகம். குளிர் இரவில் இன்ஜின் சூட்டைத் தேடி எலி வந்து உட்காரும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வாழைச்சருகும் சாக்கு நாரும் வைத்துக் கூடு கட்டும், மெல்லிய சென்சார் வயர்களைக் கடிக்கும். புழுக்கை, கடித்த தடம், வெளியே தெரியும் செம்புக் கம்பி ஆகியவற்றைத் தேடுங்கள். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் சமவெளியில் சில மாதம் தாங்கலாம். இங்குள்ள மூடுபனியில் ஈரம் இறங்கிப் பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடவேண்டும். பல்பு வைத்த டெஸ்டரால் சென்சார் வயர்களைக் குத்திப் பார்க்காதீர்கள். அந்த வயர்கள் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. பல்பு இழுக்கும் மின்சாரம் இ.சி.யு.வைக் கெடுக்கலாம். மல்டிமீட்டர் பயன்படுத்துங்கள்.

அடுத்து பேட்டரி. தோட்டத்து மண்சாலையில் குலுங்கிக் குலுங்கி டெர்மினல் தளர்ந்திருக்கும். கையால் ஆட்டிப் பாருங்கள், வெள்ளைப் பூப்பைச் சுத்தம் செய்யுங்கள். மல்டிமீட்டர் வைத்தால் இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரையும் காட்டவேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் ஓடும்போதும் சற்றுக் குறைவாகக் காட்டலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோடுகள் ஒரே நேரத்தில் வந்தால் பேட்டரியையும் எர்த் வயரையும்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். இன்னொன்று: லோடு பாடிக்குக் கம்பி வைத்து வெல்டிங் அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றாமல் அடித்து இ.சி.யு.வை எரித்துவிடுகிறவர்கள் உண்டு. பட்டறைக்காரர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

காகித ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுக்கலாம், தண்ணீரில் கழுவக்கூடாது. எண்ணெயும் தடவக்கூடாது. அதன் பின்னாலுள்ள காற்றளவு சென்சாரில் எண்ணெய் படிந்தால் அது தவறான கணக்குக் கொடுக்கும். அந்தச் சென்சாரை விரலாலோ துணியாலோ துடைக்காதீர்கள், அதற்கென்று தனி ஸ்பிரே கிடைக்கிறது. டர்போ வைத்த டீசல் வண்டியில், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய்களின் கிளிப்பைப் பாருங்கள். இணைப்பில் புதிதாக எண்ணெய்க் கசிவு, ஏற்றத்தில் 'உஸ்' சத்தம், கரும்புகை, இழுவைக் குறைவு எல்லாம் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் காற்று போகிறது. கிளிப்பை இறுக்கினாலே சரியாகிற வேலையாக இருக்கலாம்.

டீசலில் தண்ணீர் கலப்பது மலைத்தோட்டங்களில் தனிப் பிரச்சினை. மோட்டாருக்கும் வண்டிக்கும் சேர்த்து டிரம்மில் டீசல் வாங்கி வைப்போம். பாதி காலியான டிரம்மில் இரவுக் குளிருக்கு நீர் வியர்த்து அடியில் தங்கும். வண்டியின் டீசல் ஃபில்டருக்குக் கீழே தண்ணீரை வெளியேற்றும் திருகு இருக்கும். அடியில் பாத்திரம் வைத்துத் திறந்து, தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். கை பம்பு இருந்தால் அதை அழுத்திக் காற்றை எடுத்துவிடுங்கள். ஆனால் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் கை வைக்கவே கூடாது. காமன் ரெயில் இன்ஜினில் அவற்றுக்குள் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கூலண்ட் அளவை இன்ஜின் ஆறிய பிறகே பாருங்கள். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் வண்டித் தண்ணீரைக் கொதிக்காமல் காக்கிறது. அதனால் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தக் குறை மலையில் முதலில் தெரியும். பெட்ரோல் மூடியை இறுக்கிப் பாருங்கள் என்று எல்லா இடத்திலும் முதல் ஆலோசனையாகச் சொல்வார்கள். அது அமெரிக்க வண்டிகளுக்கு அதிகம் பொருந்துவது. இறுக்கிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கோடு எண்ணைப் படிப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேல் பகுதியில் 16 முனை சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ரொம்ப மலிவானவற்றில் சில எல்லா வண்டியோடும் பேசாது. உங்கள் வண்டி மாடலுக்கு வேலை செய்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலே ஒரு தெருவுக்குப் போதும்.

செல்போனில் ஓ.பி.டி. செயலி ஒன்றைச் சிக்னல் இருக்கும் இடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு பேசுவதற்கு இன்டர்நெட் தேவையில்லை. சாவி அணைந்த நிலையில் அடாப்டரைச் செருகி, பிறகு சாவியை ஆன் செய்து இணையுங்கள். கடவுச்சொல் பெரும்பாலும் 1234 அல்லது 0000. வரும் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நேரத்தில் வேகம், சூடு, லோடு என்னவாக இருந்தன என்பதையும் பல வண்டிகள் சேமித்து வைத்திருக்கும். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். அப்படியே விட்டால் ஓடாமல் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கும்.

இன்ஜின் கோடு 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவானது. 1 என்றால் அந்தக் கம்பெனிக்கே உரியது, பொதுச் செயலியில் பொருள் சரியாக வராமல் போகலாம். மலைவண்டிகளில் பார்க்கக்கூடிய சில கோடுகள்: பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு, மேலே சொன்ன குழாய் கிளிப்பில் தொடங்குங்கள். பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு, டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பி0101 காற்றளவு சென்சாரின் கணக்கு பொருந்தவில்லை என்பது, ஏர் ஃபில்டரிலிருந்து பாருங்கள். பி0401 என்றால் இ.ஜி.ஆர். வழியாகப் போதுமான புகை திரும்பவில்லை, பெரும்பாலும் கரி அடைப்பு. பி0562 என்றால் மின்னழுத்தம் குறைவு.

பெட்ரோல் வண்டியில் பி0301 வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பி0302 இரண்டாவது, இப்படியே போகும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள வண்டியானால், இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். கோடு இப்போது பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாமல் பி0301 ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயர் பக்கம் போகவேண்டும். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்துபார்க்காமல் நாலு காயிலையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பி.எஸ். 6 டீசலும் புகை ஃபில்டரும்

பி.எஸ். 6 டீசல் வண்டி பெரும்பாலானவற்றில் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். எனும் கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குச் சைலன்சர் நன்றாகச் சூடாகவேண்டும், வண்டி கொஞ்ச நேரம் சீராக ஓடவேண்டும். தோட்டத்திலிருந்து ரோட்டு முனை வரை, முனையிலிருந்து டீக்கடை வரை என்று தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் வந்தால் இருக்கும் சூடும் ஆறிவிடும்.

டி.பி.எஃப். விளக்கு மட்டும் எரியும்போதே கவனித்தால் செலவில்லை. அடுத்த முறை பழனிக்கு இறங்கியதும் உடனே வண்டியை அணைக்காமல், சமவெளிச் சாலையில் 15 முதல் 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். எத்தனை வேகம், எந்த கியர் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். டி.பி.எஃப். விளக்கோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்துவிட்டால், அல்லது பி2463 என்று கோடு வந்தால் கரி அளவு மீறிவிட்டது. அதற்குமேல் நீங்களாக முயலவேண்டாம். கம்பெனி ஸ்கேனரால் நின்ற இடத்திலேயே எரிக்கவைப்பார்கள். பாதியில் திரும்பத் திரும்ப அணைத்துவிடும் வண்டியில் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் மகிழாதீர்கள், ஆயிலை மாற்றவேண்டும். கையேடு சொல்லும் கிரேடு ஆயில் மட்டும் ஊற்றுங்கள், மற்றவை வடிகட்டியைச் சாம்பலால் அடைக்கும்.

கரி எரியும்போது அந்த வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடாகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும் காலத்தில், ஓடி வந்த வண்டியைக் காய்ந்த புல்லின்மேலும் சருகின்மேலும் நிறுத்தாதீர்கள். தோட்டத்தையும் பக்கத்துக் காட்டையும் சேர்த்து எரிக்க அது போதும்.

"அதை வெட்டி எறிஞ்சிட்டு வெறும் குழாய் வச்சிடலாம்" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. மாசு விதியை மீறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. வாரன்டியும் போகும்.

லோடு ஏற்றுவதா, வேண்டாமா?

விளக்கு நிலையாக எரிகிறது, இழுவை குறையவில்லை, சூடு சரியாக இருக்கிறது, கோடும் பார்த்தாயிற்று என்றால் குறைந்த லோடோடு பகலில் இறங்கலாம். இழுவை குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை என்றால் இ.சி.யு. இன்ஜினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியைக் கட்டிவைத்திருக்கிறது. அணைத்துப் போட்டால் சிலசமயம் சரியானதுபோல் ஓடும், ஏற்றத்தில் மறுபடி கட்டிவிடும். அந்த வண்டியில் லோடு ஏற்றாதீர்கள். வேறு வண்டிக்கு வாடகை கொடுப்பது அன்றைக்குக் கசக்கும். ஆனால் டன் கணக்கில் பாரத்தோடு ஏற்றத்தில் நின்று பின்னால் உருளும் வண்டியோடு அதை ஒப்பிடவே முடியாது.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது, இன்ஜினை அணைத்தே இறக்குவது இரண்டும் இங்கே பழைய பழக்கம். கம்ப்யூட்டர் வைத்த வண்டி கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லையென்றால், எரிபொருளைத் தானே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வேக்கம் ஒன்றிரண்டு மிதிப்பில் தீர்ந்துவிடும், பெடல் கல்லாகும், பவர் ஸ்டியரிங்கும் இறுகும். விளக்கு எரியும் வண்டியில் இன்ஜின் தானாகவே அணையவும் வாய்ப்பிருக்கிறது என்பதால், எந்த கியரில் அந்த ஏற்றத்தை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வழியில் அணைந்துவிட்டால் பெடலை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கல் மூன்றும் போட்ட பிறகே இறங்கிப் பானெட்டைத் திறங்கள்.

சரிசெய்த பிறகு

கோளாறு உண்மையிலேயே சரியாகியிருந்தால் விளக்கை நீங்கள் அணைக்கவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. கோளாறு திரும்ப வராமல் மூன்று முழுப் பயணம் ஓடினால் பொதுவாக விளக்கு தானே அணையும். பதிவு மட்டும் இன்னும் சில காலம் உள்ளே இருக்கும். செயலியில் அழித்தால், உடனே அதே கோடு வருகிறதா, பல நாள் கழித்து வருகிறதா என்று குறித்து வையுங்கள். உடனே வந்தால் பெரும்பாலும் அறுந்த வயர் அல்லது செத்த சென்சார். ஏற்றத்தில், மழையில், காலைக் குளிரில் மட்டும் வந்தால் கசிவு அல்லது ஈரம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "இன்ஜின் லைட் எரியுது, பாருங்க" என்று மட்டும் சொல்லி சாவியைக் கொடுக்காதீர்கள். கோடு எண், எந்த இடத்தில் எந்த கியரில் எரிந்தது, எவ்வளவு லோடு, புகையின் நிறம், கடைசியாக டீசல் எங்கே போட்டது, சமீபத்தில் வெல்டிங் அல்லது வாட்டர் சர்வீஸ் செய்தது உண்டா என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். உதிரிபாகம் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு கோடு போய்விட்டதா என்று உங்கள் போனிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.